இரைச்சலில் இரண்டாம் மொழி

அமைதியான அறையில் இரண்டாம் மொழியைச் சரளமாகப் புரிந்துகொள்பவர்கூட, இரைச்சல் கூடியதும் தடுமாறுகிறார். ஸ்பானிய–ஆங்கில இருமொழியாளர்களைக் கொண்டு மேயோ, ஃப்ளோரன்டைன், பூஸ் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலத்தைப் 14 வயதுக்குப் பின் கற்றவர்களால் தாங்க முடிந்த இரைச்சல் குறைவு. வாக்கியத்தின் போக்கை வைத்துச் சொல்லை ஊகிப்பதும் அவர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

தாய்மொழியில் காதில் விழாத ஒலியைப் பழக்கம் இட்டு நிரப்பிவிடும்; பிற மொழியில் அந்தக் கையிருப்பு குறைவு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. எனவே ‘லைட்’, ‘லைக்’ என்ற ஆங்கிலச் சொற்களின் ஈற்றொலியைப் பிரித்தறியத் தமிழ்க் காது தனியே பழக வேண்டியிருக்கிறது. மின்விசிறிச் சத்தத்தில் முதலில் கரைவதும் அந்த மெல்லிய ஈற்றொலிதான்.

தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் வட்டாரத்தில் இது இன்னும் ஒரு படி சிக்கலானது. இங்கே பல குடும்பங்களுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அதன்மேல் ஆங்கிலம். பக்கத்துச் சங்கரன்கோவிலோ விசைத்தறி ஊர். நாடா ஓடும் தறிக்கூடத்தில் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். இந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்கு உச்ச வரம்பே அதுதான். அங்கே எல்லோரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-இல் விவரித்த விளைவு இது. உயரும் குரலில் உயிரொலிகள் நீண்டு ஓங்குகின்றன; வல்லின மெய்கள் அதே அளவுக்கு வலுப்பெறுவதில்லை.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே தொடங்குகிறது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற உரசொலிகளைப் பிரித்தறிய உயர் அதிர்வெண்கள்தாம் துணை. ஆகவே, தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட தறித் தொழிலாளி செவிச் சோதனைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், இரைச்சலுக்கு நடுவே, குறைந்த மதிப்பெண் பெற்றால், காரணம் காதா மொழியா என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். தூய தொனிச் சோதனையும் வீட்டுமொழியில் ஒரு பேச்சுச் சோதனையும் இல்லாமல் முடிவு எழுதுவது தவறு.

குழந்தைகள் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் கொடியது. வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். சாலையோரப் பள்ளியில் அது எட்டாக்கனி. ஆங்கிலவழி வகுப்பில் கடைசி பெஞ்சுக் குழந்தை பதில் சொல்லாமல் விழித்தால், கவனக்குறைவு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தக் குழந்தையை முன்வரிசையில் அமர்த்தி, வீட்டுமொழியில் சோதித்த பிறகே குறைபாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

செவித்திறன் வல்லுநர்கள் நோயாளிப் பதிவேட்டில் இரண்டு கேள்விகளை உடனே சேர்க்க வேண்டும்: வீட்டில் என்ன மொழி? சோதனை நடக்கும் மொழியைக் கற்றது எந்த வயதில்?