நட்சத்திரம் இல்லாத கேள்விகள்

"பார்லிமெண்ட்ல என்ன சார் நடக்குது? கூச்சல் போடறாங்க, வெளிநடப்பு பண்றாங்க, பேட்டா வாங்கிக்கிட்டுப் போயிடறாங்க." கூட்டத்தொடர் தொடங்கினால் இந்த வசனத்தை யாராவது ஒருவர் சொல்லக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. நான் ஒவ்வொரு முறையும் மறுத்துப் பேசுகிறேன். நாடாளுமன்றம் செய்யும் வேலையில் தொலைக்காட்சியில் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. டில்லியில் ஓர் அமைச்சகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் அதன் சூடு எனக்குத் தெரியும். எழுத்து மூலம் கேட்கப்படும் கேள்வியைத்தான் சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. எம்.பி.க்கள் கேட்கும் கேள்விகளில் நட்சத்திரக் குறி போட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறி இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாதது 230. முன்னது பச்சைத் தாளிலும் பின்னது வெள்ளைத் தாளிலும் அச்சாகும். அந்த 20-இலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்துதான் வாய்மொழிக்கு எட்டும்; மீதிக்கும் எழுத்துப் பதில்தான். ஒரு கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ்கள் குவிந்துவிடுவதால் எது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

இனி அந்த வெள்ளைத் தாள் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பது. அலுவலகத்தில் அதற்கு 'பி.க்யூ.' என்று பெயர். பி.க்யூ. வந்துவிட்டால் மற்ற கோப்பெல்லாம் அப்படியே நிற்கும். கூட்டத்தொடர் முடியும்வரை லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. மாநிலத் தலைநகரங்களுக்கு டிரங்க் கால், பிறகு ஃபேக்ஸ், பிறகு மின்னஞ்சல் என்று கருவிதான் மாறியது, பதைப்பு மாறவில்லை. செக்‌ஷன் ஆபீசர் எழுதியதை அண்டர் செகரட்டரி திருத்துவார், அவர் திருத்தியதை ஜாயிண்ட் செகரட்டரி திருத்துவார், அமைச்சரின் ஒப்புதல் வரும், இந்தி மொழிபெயர்ப்புக்குப் போகும். இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு 'மட்டும்' போடலாமா கூடாதா என்று மூன்று மூத்த அதிகாரிகள் வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்தை இப்படி ஓடவைக்கும் வேறு 150 சொல் இந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஒரு வருடமாக மறந்திருந்த புள்ளிவிவரத்தை ஒரு கேள்வி வந்த மூன்றே நாளில் தூசி தட்டி எடுத்திருக்கிறோம்.

ஏன் இந்தப் பதைப்பு என்றால், அவையில் வைக்கும் பதிலில் பொய் எழுத முடியாது. தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் அது உரிமை மீறல். அதனால் பொய்யும் எழுதாமல் விஷயத்தையும் விடாமல் பதில் எழுதுவது என்று ஒரு கலை வளர்ந்திருக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு வாய் திறக்காதே. இதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். "தகவல் மைய அளவில் பராமரிக்கப்படுவதில்லை", "மேற்கண்ட பதிலைக் கருத்தில் கொண்டு, இக்கேள்வி எழவில்லை" போன்ற வாக்கியங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குக் குடிபோகின்றன. எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் கேள்வியின் வாசலைத் தாண்டி ஓர் அடி வைக்கவும் மாட்டான். ஆகவே வாசலை எங்கே வைப்பது என்பது கேட்கிறவர் கையில் இருக்கிறது. என் கட்சி இதுதான். எழுத்துக் கேள்வி பயனற்றது என்பவர்கள் பதிலைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். பல நேரங்களில் கோபப்பட வேண்டியது கேள்வியைப் பார்த்து.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா ஊரடங்கில் புலம்பெயர்ந்த தொழிலாளிகள் நடந்தே ஊர் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று வைத்துவிட்டார்கள்; எழுத்துக் கேள்வி ஒன்றுதான் மிச்சம். முதல் நாள், செப்டம்பர் 14, தொழிலாளர் அமைச்சகத்திடம், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளிகள் இறந்தார்கள், குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று பதில். நாடே கொதித்தது. நான் மட்டும் இந்த வாக்கியத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான்கு நாள் கழித்து மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம் வேறு ஒரு கேள்வி. ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? பதில் வந்தது: செப்டம்பர் 9 வரை 97 பேர். அவர்களில் 87 பேரின் உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் கிடைத்துள்ளன என்றுகூட அதில் இருந்தது. அதே அரசு, அதே வாரம். ஒருவருக்குத் தரவே இல்லை, இன்னொருவருக்குத் துல்லியமாக எண் இருக்கிறது. எப்படி? ரயிலில் ஒருவர் இறந்தால் ரயில்வே போலீஸ் பதிவு செய்தே ஆக வேண்டும். அங்கே ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சுருண்டு விழுந்தவருக்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் ரிஜிஸ்டர் இல்லை. ரிஜிஸ்டர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். எங்கள் காலத்தில் சில எம்.பி.க்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் பெயர் தாளில் தெரிந்தாலே பிரிவில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ரிஜிஸ்டர் இல்லை என்ற பதிலும் வீண் இல்லை என்பேன். "எண்ணவில்லை" என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, ஏன் எண்ணவில்லை, எப்போது எண்ணப் போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, அப்படி யாரும் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் சொன்னது. மரணப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லாதபோது யார் எங்கே குறிப்பார்கள்? கூச்சலுக்குப் பின் மாநிலங்களிடம் நேராக விவரம் கேட்கப்பட்டது. ஆகஸ்டில் மறுபடி பதில் வந்தபோது, ஆந்திரத்தில் சிலர் இறந்ததாக அந்த மாநிலம் தெரிவித்திருப்பது அதில் ஏறியிருந்தது. சிறிய நகர்வுதான். ஆனால் நகர்ந்தது.

என்னை அதிகம் உலுக்கியது அதே கூட்டத்தொடரின் இன்னொரு ஜோடிப் பதில். கையால் மலம் அள்ளும் வேலையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஜூலை இறுதியில் மாநிலங்களவையில் கேட்டார்கள். அப்படி இறந்ததாகத் தகவல் எதுவும் இல்லை என்று சமூக நீதி அமைச்சகம் சொன்னது. ஒரு வாரம் கழித்து வந்த பதிலில், பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 1993-க்குப் பிறகு 941 பேர். எல்லா மாநிலங்களிலும் அதிகம் நம் தமிழ்நாட்டில்: 213.

இரண்டும் பொய் இல்லை. 2013-ஆம் வருடச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதைத் தனியாகவும், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கும் 'ஆபத்தான துப்புரவு' என்பதைத் தனியாகவும் வரையறுக்கிறது. முதல் கேள்வியில் முதல் சொல் இருந்தது, எனவே பூஜ்யம். சொல்லை மாற்றினால் 941 உயிர். இந்த இடத்தில் அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பது பதில் எழுதியவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. "இருப்பினும், ஆபத்தான துப்புரவில்..." என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யார் தலை போயிருக்கும்? சேர்க்க மாட்டார்கள். அந்தப் பள்ளியில் படித்தவன் சொல்கிறேன்.

இது சொல் விளையாட்டு இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எண்ணிக்கையில் ஏறியவரின் மனைவிக்கு அந்தப் பணம் கேட்க ஒரு பிடி இருக்கிறது. ஏறாதவரின் மனைவி எந்த அலுவலக வாசலில் நிற்பாள்?

நாற்காலியே ஆட்டம் கண்ட கதையும் உண்டு. 1957 ஜூனில் எல்.ஐ.சி. ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடிக்கு வாங்கியது. செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் கேள்வி கேட்டார். நேரான பதில் வரவில்லை. நவம்பரில் மறுபடி அதே விவகாரம் எழுந்தது. டிசம்பர் 16-இல் ஆளுங்கட்சிக்காரரான பெரோஸ் காந்தி முழு விவரத்தையும் எடுத்துப் பேசினார். சாக்ளா விசாரணை, அதன்பின் 1958 பிப்ரவரியில் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். பெரோஸ் காந்தியின் பேச்சை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால் வந்த அந்த முதல் கேள்வியை யாரும் சொல்வதில்லை.

கேள்விக்கு மதிப்பு உண்டு என்பதற்கு விபரீதமான சான்று ஒன்றும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கச் சம்மதித்து ரகசிய கேமராவில் சிக்கியதால் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். ஒன்றுக்கும் உதவாத சரக்குக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

அப்படியிருந்தும் இந்த ஆயுதம் பெரும்பாலும் துருப்பிடித்தே கிடக்கிறது. "அரசு இதை அறியுமா, ஆமெனில், அதன் விவரங்கள் யாவை, அரசு எடுத்த நடவடிக்கை என்ன" என்று ஒரே வார்ப்பில் வரும் கேள்விகளுக்கு நாங்கள் தூக்கத்திலேயே பதில் எழுதுவோம். அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கும் திட்ட விவரத்தைக் கேட்பவர்கள் உண்டு. அமைச்சருக்குப் பாராட்டு மாலை போடுவதற்கென்றே கேட்பவர்களும் உண்டு. இவையும் அந்த 230-இல் இடம் பிடிக்கின்றன. குலுக்கலில் ஒரு நல்ல கேள்வி வெளியே நிற்கிறது.

இதைவிட என்னை வருத்துவது, திரும்பி வராதவர்கள். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் எழுதினால் அது உறுதிமொழி. அதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழுவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அவகாசம் கேட்டுக் கேட்டு வருடங்கள் ஓடும். கேட்ட எம்.பி. அடுத்த தேர்தலில் தோற்றிருப்பார், அல்லது மறந்திருப்பார். எங்கள் பிரிவில் பயப்பட்டது முதல் கேள்விக்கு இல்லை. போன கூட்டத்தொடரின் பதில் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு வரும் இரண்டாவது கேள்விக்கு.

நமக்கும் இதில் பங்கு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவில், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம் இருந்தது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட வழி செய்தது. இதற்காக எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்? எம்.பி.யிடம் கல்யாண மண்டபத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கிறோம், ரயில் நிறுத்தம் கேட்கிறோம். எங்கள் ஊர் விஷயமாக இந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

உறவினர் பையன் ஒருவன் இப்போது ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் இருக்கிறான். சாக்கடை மரணம் பற்றி ஒரு கேள்வி எழுதி எனக்கு அனுப்பி, "பெரியப்பா, பார்த்துச் சொல்லுங்க" என்றான். "அரசு அறியுமா" என்று ஆரம்பித்திருந்தான். அதை அடித்தேன். இறந்தவர்கள் என்று பொதுவாக இருந்ததை "பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க் ஆகியவற்றைச் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள்" என்று மாற்றினேன். வருட வாரியாக, மாநில வாரியாக எத்தனை பேர். எத்தனை குடும்பங்களுக்கு முழுத்தொகை, எத்தனை குடும்பங்களுக்குப் பகுதித்தொகை. இறந்த தேதிக்கும் பணம் கொடுத்த தேதிக்கும் நடுவே எவ்வளவு காலம். தராதவர்களுக்குத் தராத காரணம். எண்ணிப் பார்த்தேன், 150 சொல்லுக்குள் அடங்கிவிட்டது. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது"ன்னு பதில் வந்தா, அன்னைக்கே காலண்டர்ல மூணு மாசம் தள்ளி ஒரு வட்டம் போட்டு வெச்சுக்கோ என்று சொல்லியிருக்கிறேன்.