டொலி பார்ட்டனின் வாப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

போன கிழமை ஒரு அமெரிக்கப் பாடகியைப் பற்றி இரண்டு வரி ஸ்டேட்டஸ் போட்டேன். உடனே இன்பாக்ஸில் மூன்று பேர் வந்து, "டீச்சர், உங்களுக்கு எழுத வேற ஆள் கிடைக்கல்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை நான் திறக்கப் போவதில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். அவருடைய விக், நகம், மினுங்குகிற உடுப்பு எல்லாம் எனக்கும் கண் தெரிகிறது. தன் தோற்றத்தைப் பற்றி நாங்கள் பண்ணக்கூடிய பகிடியை எல்லாம் அவரே மேடையில் பண்ணி முடித்துவிட்டார். அவர் பாட்டைக் கேளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கொடுத்த விதத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

கன்ட்ரி மியூசிக் என்றால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களுக்கு ஜிம் ரீவ்ஸ்தான் ஞாபகம் வருவார். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர் 1964இல் விமான விபத்தில் இறந்தார். அதே வருடம்தான் டொலி பார்ட்டன் என்ற 18 வயதுப் பிள்ளை உயர்தரப் பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்த நாளே பஸ் ஏறி நாஷ்வில் நகரத்துக்குப் போனார். பாடசாலை விடுகை விழாவில் ஒவ்வொருவரும் இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். "நான் நாஷ்வில் போய்ப் பெரிய பாடகி ஆகப் போகிறேன்" என்று இவர் சொன்னதும் மண்டபமே சிரித்ததாம். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் பேட்டிகளில் சொல்கிறார்.

அவர் பிறந்தது 1946 ஜனவரி 19, டென்னஸி மாநிலத்தில் செவியர் கவுண்டி என்ற மலைப் பிரதேசத்தில். 12 பிள்ளைகளில் நான்காவது. வீடு மரப்பலகையால் கட்டிய சின்னக் குடில். வாப்பா ரொபர்ட் லீ பார்ட்டன் முதலில் வாரத்துக்கு நிலம் செய்தவர், பிறகு சொந்தமாகக் கொஞ்சம் புகையிலை வைத்தார். பிள்ளை பிறந்த அன்றைக்கு டொக்டருக்குக் கொடுக்கக் காசு இல்லை. ஒரு சாக்குச் சோள மா கொடுத்தார்கள். இந்த மனிதருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் தான் கண்ட ஆட்களில் மிகப் புத்திசாலி தன் வாப்பாதான் என்று டொலி பல தடவை சொல்லியிருக்கிறார். படிக்காத வாப்பாமார்களின் பிள்ளைகளாகிய எங்களில் பலருக்கு இது விளங்கும்.

உம்மாவைப் பற்றிய கதை இன்னும் முக்கியம். குளிர் காலம் வருகிறது, பிள்ளைக்குப் போட கோட் இல்லை. யாரோ கொடுத்த துண்டுத் துணிகளை வைத்து உம்மா தைக்கிறார். தைக்கும்போது யூசுப் நபியின் கதையைச் சொல்கிறார். வேதாகமத்தில் அவருக்குத் தகப்பன் கொடுத்த பல நிறச் சட்டை ஒன்று வருகிறது. எங்கள் குர்ஆனில் நிறம் பற்றி வரவில்லை. ஆனால் சூரா யூசுபை ஓதியவர்களுக்குத் தெரியும், சட்டை மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றில் பொய் இரத்தம், ஒன்றில் பின்பக்கக் கிழிசல், மூன்றாவதில் யஃகூப் நபிக்குக் கண் பார்வை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை தன் கோட்டைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகிறது. அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒட்டுத் துணியில் உடுப்பு என்று.

இதை அவர் பாட்டாக எழுதினார். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது எழுதத் தாள் இல்லாமல், உடுப்புக் கழுவக் கொடுத்த ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதினாராம். 1971இல் வெளிவந்தது. எத்தனையோ பெரிய ஹிட் பாடல்கள் இருந்தும், தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்கிறார்.

அவருடைய பாட்டு வாழ்க்கையை நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை, கூகிளில் கிடக்கிறது. 1967இலிருந்து போர்ட்டர் வாகனர் என்பவரின் டீவி நிகழ்ச்சியில் பாடினார், 1974இல் அதை விட்டுப் பிரிந்தார். அந்தப் பிரிவுக்காக எழுதிய பாட்டை எல்விஸ் பிரஸ்லி பாடக் கேட்டார். அவருடைய மெனேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: பாட்டு உரிமையில் பாதி எங்களுக்கு. எல்விஸ் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? இவர் மாட்டேன் என்றார், இரவெல்லாம் அழுதுகொண்டே. 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் படத்துக்குப் பாடி, அமெரிக்காவில் 14 கிழமை முதலிடத்தில் நின்றது. உரிமைக் காசு முழுவதும் எழுதியவருக்கே வந்தது. எங்கள் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்பும் கணக்குப் பாடம் இது. கையெழுத்து வைக்கும் முன் தாளை வாசிக்க வேண்டும். பெரிய ஆள் கேட்கிறார் என்பதற்காகச் சொந்த உழைப்பில் பாதியைக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் பிடிக்கும். நாஷ்வில் போய்ச் சேர்ந்த முதல் நாளே லோண்டரி வாசலில் கண்டவரைத்தான் 1966இல் கல்யாணம் முடித்தார். ரோட்டுக்குத் தார் போடும் தொழில் செய்தவர். கெமரா முன் வரவே மாட்டார். 2025 மார்ச்சில் அவர் இறக்கும் வரை கிட்டத்தட்ட 59 வருடக் குடும்ப வாழ்க்கை. பாடகி என்றாலே ஒரு மாதிரி முகம் சுளிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

காசு வந்ததும் அவர் தன் ஊருக்குத் திரும்பினார். 1986இல் டொலிவூட் என்ற பூங்காவை அங்கேயே திறந்தார், ஊருக்குத் தொழில் வந்தது. 1988இல் ஒரு அறக்கட்டளை. அப்போது அந்த ஊரில் நூற்றுக்கு 35 பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் 7ஆம், 8ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்துகொள்ளுங்கள், இருவரும் படிப்பை முடித்தால் ஆளுக்கு 500 டொலர் தருகிறேன் என்றார். ஒருவர் விட்டால் மற்றவருக்கும் இல்லை. கூட்டாளியை இழுத்துக்கொண்டு வர வேண்டிய பொறுப்பு பிள்ளையிடமே போனது. அந்த இரண்டு வகுப்புகளிலும் இடைவிலகல் 6 வீதத்துக்கு இறங்கியது. இருபது வருடம் ஆசிரியத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்தச் 'சோடி' யோசனை ஒரு நாளும் வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு 1995இல் புத்தகத் திட்டம். வாப்பாவை நினைத்துத் தொடங்கினார். பிள்ளை பிறந்ததிலிருந்து ஐந்து வயது முடியும் வரை மாதம் ஒரு புத்தகம் வீட்டுக்குத் தபாலில் வரும். முதல் தடவை செவியர் கவுண்டிக்கு மட்டும் 1,700 சொச்சம் புத்தகம் போனது. 2004இல் டென்னஸி மாநில அரசே கைகோர்த்து, 95 கவுண்டிகளுக்கும் விரிந்தது. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அயர்லாந்து என்று போய், இதுவரை 200 மில்லியனுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். வாப்பா 2000இல் இறப்பதற்கு முன் இதன் தொடக்கத்தைக் கண்டுவிட்டார். பிள்ளைகள் தன் மகளைப் 'புத்தக லேடி' என்று கூப்பிடுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம், மகள் பாடகி ஆனதில்கூட இருக்கவில்லையாம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பொதியின் மேல் பிள்ளையின் பெயர் இருக்கும், உம்மா வாப்பாவின் பெயர் இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் தன் பெயருக்கே கடிதம் வருகிறது. அடுத்தது, அந்தப் பகுதியில் உள்ள எந்தப் பிள்ளையும் பதியலாம். சம்பளம் எவ்வளவு, கிராம சேவகர் கடிதம் எங்கே என்ற கேள்வி இல்லை. வங்கி மெனேஜரின் பிள்ளைக்கும் வரும், கூலிக்காரரின் பிள்ளைக்கும் வரும். கடைசியாக, இதை அவர் தனியாகக் காசு கொட்டிச் செய்யவில்லை. புத்தகத்துக்கும் தபாலுக்குமான செலவை அந்தந்த ஊர் அமைப்புகள் திரட்ட வேண்டும். நிர்வாகத்தைத்தான் அவருடைய அறக்கட்டளை பார்க்கிறது. ஆகவே 'அவவிட்ட கோடிக் கணக்கில இருக்கு, செய்யிறா' என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்த இரண்டாவது விஷயத்துக்கும் ஒட்டுத் துணிக் கோட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வறுமையை எல்லோர் முன்னாலும் காட்டிச் சிரிப்பு வாங்கிய பிள்ளை, இன்னொரு பிள்ளைக்கு அப்படி நடக்காத மாதிரிக் கொடுக்கக் கற்றுக்கொண்டது.

இப்போது என் பக்கம் வருகிறேன். சில வருடங்களுக்கு முன், தவணை தொடங்கிய கிழமை, ஒரு அமைப்பு கொப்பியும் சப்பாத்தும் பேக்கும் கொண்டு வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். வகுப்பில் வசதி குறைந்த பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான். காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்து, பேனருக்கு முன்னால் நிறுத்தி, போட்டோ எடுத்து, அன்று மாலையே முகநூலில் வந்துவிட்டது. நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன், சிரித்துக்கொண்டு. நீங்கள் பலர் லைக்கும் போட்டீர்கள்.

அடுத்த நாளிலிருந்து ஒரு மகனை மற்றப் பிள்ளைகள் 'பேனர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் அந்தப் பேக்கைக் கொண்டுவரவில்லை. கடைப் பேக்கில் கொப்பியைச் சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டு கிழமைக்குப் பிறகு அவன் உம்மா வந்து, பேக்கைக் கழுவி மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், இத வேற பிள்ளைக்கிக் குடுங்க. இவன் கொண்டு போறானில்ல" என்றா. ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்து தர்மத்தை வீணாக்காதீர்கள் என்று சூரா அல்பகராவில் ஓதுகிறோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாதவரைப் பற்றிய ஹதீஸை மீலாத் மேடையில் சிறு பிள்ளைகளையே பேசவைக்கிறோம். பிறகு அதே பிள்ளையை பேனருக்கு முன் நிறுத்துகிறோம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். பில்லை அனுப்புங்கள், கையெழுத்து வாங்கிய தாளை அனுப்புங்கள். பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டு இல்லை.

இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது ஒரு சேர் கேட்டார்: "வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் குடுக்கணும்? காசு வீண்தானே?" சரியான கேள்வி. என் பதில் இதுதான். வசதியான பிள்ளைக்குப் போகும் அந்தப் புத்தகம், ஏழைப் பிள்ளையின் மானத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை. அதோடு, எங்கள் ஊரில் மூன்று மாடி வீடுகளிலும் ஷோகேஸில் பீங்கான் இருக்கிறதே தவிர, பிள்ளைக்குக் கதைப் புத்தகம் இல்லை. அந்தப் பிள்ளைகளும் ஒரு வகையில் வறிய பிள்ளைகள்தான். இதற்கு ஸகாத் காசு எடுக்க முடியாது, அது யாருக்கு என்று வரையறை இருக்கிறது. ஸதகாவில் செய்யலாம்.

டொலியை வலியுல்லாஹ் ஆக்க நான் வரவில்லை. அவருடைய விருந்துக் காட்சி ஒன்றின் பெயரில், அடிமை முறை இருந்த தென்மாநிலங்களை ஏக்கத்தோடு நினைவூட்டும் 'டிக்ஸி' என்ற சொல் பல வருடம் இருந்தது. 2018இல்தான் எடுத்தார்கள். பிந்திய திருத்தம். அரசியல் என்றால் வாய் திறக்க மாட்டார், அதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் 2016இல் ஊரில் காட்டுத் தீ வந்து வீடிழந்த குடும்பங்களுக்கு ஆறு மாதம், மாதம் 1,000 டொலர் வீதம் கிடைக்க வழி செய்தார். 2020இல் கொரோனா ஆய்வுக்கு ஒரு மில்லியன் டொலர் கொடுத்தார். அந்தப் பணம் உதவிய ஆய்வுகளில் மொடர்னா தடுப்பூசியும் ஒன்று, 2021இல் எங்கள் நாட்டுக்கும் வந்த ஊசி. 2021இல் மாநில அரசு தலைநகரில் அவருக்குச் சிலை வைக்கப் பார்த்தபோது, இந்த நேரத்தில் என்னை மேடையில் ஏற்றுவது பொருத்தமில்லை, வேண்டாம் என்று எழுதிக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய ஊரில் ஒரு சிலை ஏற்கெனவே இருக்கிறது, நீதிமன்ற முற்றத்தில். வாப்பா உயிரோடு இருந்த காலத்தில், இரவில் யாருக்கும் தெரியாமல் சவர்க்காரத் தண்ணி வாளியோடு போய், அதில் புறா எச்சத்தைக் கழுவிவிட்டு வருவாராம். சிலையின் கீழே மகளின் பெயர் எழுதியிருக்கிறது. அதை அவரால் வாசிக்க முடியாது.

இனி வேலைக்கு வருவோம். ஒக்டோபர் வாசிப்பு மாதம் வருகிறது. வழக்கம் போல் ஊர்வலமும் பேனரும் நடக்கும், நடக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று செய்து பார்க்கலாம். எங்கள் மஹல்லாவில் மட்டும், மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைக்கும், ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு தமிழ்ப் படப் புத்தகம். பள்ளிவாசல் ஜமாஅத் பதிவில் பெயர்கள் இருக்கின்றன. உறையில் பிள்ளையின் பெயரை எழுதித் தபாலில் போடுவோம். லைட் பில்லும் வங்கிக் கடிதமும் கொண்டுவந்து அலுத்துப்போன எங்கள் தபால்காரருக்கும் ஒரு மாற்றமாக இருக்கும். வாசிக்கத் தெரியாத உம்மா வாப்பா உள்ள வீடுகளுக்கு, மூத்த வகுப்புப் பிள்ளைகள் மாலையில் போய் வாசித்துக் காட்டலாம், இரண்டு இரண்டு பேராக.

புத்தகம் தெரிவு செய்ய, உறையில் பெயர் எழுத, காசு தர, எதற்கென்றாலும் விருப்பமானவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கணக்கு மாதா மாதம் பள்ளிவாசல் நோட்டிஸ் போர்டில் ஒட்டப்படும். தந்தவர் பெயரும் போடமாட்டோம், பிள்ளையின் போட்டோவும் எடுக்கமாட்டோம்.