பூட்டு விற்பவரின் ஒப்பீட்டுப் பட்டியல்

பெங்களூரிலும் குருகிராமிலும் புனேயிலும் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் ஏராளம். எல்லோரும் நிரல் எழுதுவதில்லை. சிலருடைய வேலை, போட்டி நிறுவனத்தின் சரக்கையும் தம் சரக்கையும் அருகருகே வைத்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது. அதில் ஒரு துறையைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அலுவலகக் கணினிக்குள் நுழைபவர் உண்மையில் அவர்தானா, எதைத் திறக்க அவருக்கு உரிமை உண்டு என்று பார்க்கும் வாயிற்காவலனே அடையாளப் பாதுகாப்பு மென்பொருள். 2009இல் தொடங்கிய ஆக்டா இதில் முன்னணி நிறுவனம். 2021இல் ஆத்ஜீரோவை ஏறத்தாழ 650 கோடி டாலருக்கு வாங்கியது. எவருடைய மென்பொருளோடும் இணைந்து வேலை செய்வோம் என்பது அதன் விளம்பரம். எதிரே மைக்ரோசாஃப்ட். அதன் என்ட்ரா, அலுவலக மென்பொருள் தொகுப்புகள் சிலவற்றோடு சேர்ந்தே வருகிறது. தனியாக விற்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறில்லை. சைபர்ஆர்க் நிர்வாகிகளின் உயர் அதிகாரக் கணக்குகளைக் காப்பதில் பெயர் பெற்றது. செயில்பாயின்ட் யாருக்கு எந்த உரிமை என்பதை ஒழுங்கு செய்வதில். வாசற்பூட்டையும் இரும்புப் பெட்டிப் பூட்டையும் ஒரே பட்டியலில் வைத்து மதிப்பெண் போடுவது சரியாகுமா?

2023 அக்டோபரில் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் அந்நியர் புகுந்தது வெளியானது. எச்சரித்த வாடிக்கையாளர்களுள் பியாண்ட்டிரஸ்டும் ஒன்று. பாதிப்பு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றது ஆக்டா. நவம்பர் இறுதியில், அப்பிரிவைப் பயன்படுத்திய ஏறத்தாழ அனைவருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் களவு போயின என்று திருத்திச் சொல்ல நேர்ந்தது.

போட்டியாளருக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. ஆனால் 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டும் ஓர் ஒப்புதல் தந்தது. இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கின் வழியே ஊடுருவியவர்கள், உயர் அதிகாரிகள் சிலரின் மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்டார்கள்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

"வியாபாரத்தில் போட்டியாளரின் குறையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லுங்கள், ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள். எதிராளியின் சறுக்கலை எழுதும் தாளில் நம் சறுக்கலுக்கும் ஒரு வரி வேண்டும். தவறு தெரிந்து எத்தனை நாளில் அறிவித்தார்கள், முதலில் சொன்ன கணக்கு நின்றதா, வேண்டாமென்று விலக நினைத்தால் எளிதில் விலகலாமா, மூன்றாண்டுச் செலவு எவ்வளவு? வாங்குபவருக்கு உதவும் கேள்விகள் இவை. வண்ணக் கட்டங்களில் போட்ட சரி, தவறு குறிகள் இவற்றுக்கு விடை சொல்லா.

வாங்குபவர் ஏமாந்தால் நட்டம் அவரோடு நிற்பதில்லை. நம் சம்பளக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அபராதம் கட்டியதால் களவு போன விவரம் திரும்பி வராது.

பூட்டு விற்பவரிடம் நாம் வாங்குவது பூட்டை மட்டுமல்ல, அவருடைய நாணயத்தையும்தான். அந்த நாணயம் நம் பிள்ளைகள் எழுதும் பட்டியலிலிருந்தே தொடங்கட்டும்.