குரல் கேட்கிறது... படம் வரவில்லை! வீடியோவுக்கு என்ன வைத்தியம்?

‘‘மரவள்ளியில் மாவுப்பூச்சி தாக்கிய செடியையும் நல்ல செடியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, விதைக்கரணை எப்படித் தேர்வு செய்வது என்று மொபைலில் வீடியோ எடுத்தோம். குழுவில் எல்லோருக்கும் காட்டலாம் என்று மகளின் பழைய லேப்டாப்பில் போட்டால், குரல் மட்டும் கேட்கிறது; திரை கறுப்பாக இருக்கிறது. மகன் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்த்தான். அதற்கும் அசையவில்லை. மொபைலில் நன்றாக ஓடுகிறது. நடவுக்கு நாள் நெருங்குகிறது. என்ன செய்வது?’’

- பாப்பாரப்பட்டி பகுதி மரவள்ளி விவசாயி, தருமபுரி மாவட்டம்.

பதில்:

‘நுனி இப்படிச் சுருண்டிருக்கும், கணு இப்படி நெருங்கியிருக்கும்’ என்று குரல் சொல்லும்போது, அந்த ‘இப்படி’ கண்ணுக்குத் தெரியாவிட்டால் வீடியோவால் பயனில்லை. தாக்கிய செடியில் கரணை வெட்டினால் பூச்சி புது வயலுக்கும் போய்விடும். இந்தியாவில் இந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல்தான் கண்டறியப்பட்டது. இதைக் கட்டுப்படுத்த, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ‘அனகைரஸ் லோபெசி’ என்ற ஒட்டுண்ணிக் குளவி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. எனவே, நடவுக்கு முன்பே எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

சாக்கு வேறு, தானியம் வேறு

கேட்டவரின் வீடியோ கெட்டுப்போகவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பதெல்லாம் சாக்கின் வகை. உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தானியம். அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் ‘கோடெக்’ என்று பெயர். எம்.பி.4 என்ற ஒரே வகைச் சாக்கில் ஹெச்.264 என்ற முறையிலும் படம் இருக்கலாம், ஹெச்.265 என்ற முறையிலும் இருக்கலாம். சாமை மூட்டையின் மேல் ‘ராகி’ என்று எழுதினால் சாமை ராகியாகிவிடாது. பெயரை மாற்றியும் வீடியோ ஓடாததற்குக் காரணம் இதுதான். மாற்றிய பெயரைப் பழையபடியே வைத்துவிட வேண்டும்.

ஹெச்.264 முறை 2003-ல் வந்தது. அநேகமாக எல்லாக் கருவிகளுக்கும் அது தெரியும். ஹெச்.265 வந்தது 2013-ல். ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்குவதால், பல புது மொபைல்கள் இந்த முறையில் பதிவு செய்கின்றன. தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011-ல். அந்தக் காலத்து லேப்டாப்புக்கு 2013-ல் வந்த முறை தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. குரலைச் சுருக்கும் முறை பழையது என்பதால் அது கேட்கிறது. படம் மட்டும் கறுப்பாகிவிடுகிறது.

முதல் வைத்தியம்

வி.எல்.சி. என்ற இலவச மீடியா பிளேயரைப் போட்டுப் பார்க்கலாம். 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 2001 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவுக்கு விடப்பட்டது. ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்புதான் அடையாளம். பெரும்பாலான கோடெக்குகள் இதற்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. ‘வீடியோலேன் டாட் ஓ.ஆர்.ஜி.’ என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். பிறகு வீடியோ மீது வலது பக்கம் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ என்பதில் வி.எல்.சி.யைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உள்ளே என்ன தானியம் என்று பார்க்க, வீடியோ ஓடும்போது கன்ட்ரோல் பட்டனோடு ‘ஜே’ எழுத்தை அழுத்தினால் கோடெக் பெயர் தெரியும். அதில் ஹெச்.265 அல்லது ஹெச்.இ.வி.சி. என்று இருந்தால் காரணம் உறுதி. இரண்டும் ஒன்றுதான்.

படம் வந்தாலும் திக்கித் திக்கி ஓடினால்

பழைய லேப்டாப்பின் சக்தி போதவில்லை என்று பொருள். அப்போது வீடியோவை ஹெச்.264 முறைக்கு மாற்றிவிடலாம். வி.எல்.சி.யில் ‘மீடியா’ பட்டியலில் ‘கன்வர்ட்/சேவ்’ போய், வீடியோவைச் சேர்த்து, ‘ஹெச்.264 + எம்.பி.3 (எம்.பி.4)’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயர் கொடுத்து ‘ஸ்டார்ட்’ அழுத்த வேண்டும். பழைய பெயரையே கொடுக்கக் கூடாது. நீளமான வீடியோ என்றால் நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். பென் டிரைவைச் செருகி டி.வி.யில் காட்டுபவர்களுக்கும் இந்த வழி உதவும்.

அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பி இறக்கினாலும் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால், அது படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். இலைக்கடியில் இருக்கும் மாவுப்பூச்சி வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் யாருக்கும் பயனில்லை.

எந்த பிளேயரிலும் திறக்கவில்லையா?

அப்படியானால் கோளாறு கோடெக்கில் இல்லை. ஃபைல் முழுதாக வந்து சேரவில்லை. மொபைலில் உள்ள அளவும் லேப்டாப்பில் உள்ள அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் மறுபடி காப்பி செய்ய வேண்டும். காப்பி முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்குவதால்தான் பல வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன. ‘ஃபாட் 32’ முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள ஒற்றை ஃபைல் ஏறாது. வீடியோவைச் சிறு துண்டுகளாக எடுப்பதே மேல்.

அடுத்த முறை எடுக்கும்போது

மொபைல் கேமரா செட்டிங்ஸில் ‘ஹை எஃபிஷியன்சி’, ‘ஹெச்.265’ அல்லது ‘ஹெச்.இ.வி.சி.’ என்று இருந்தால் அதை நிறுத்திவிடலாம். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் ‘ஃபார்மட்ஸ்’ சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால், பழைய கருவியிலும் ஓடும்.

எச்சரிக்கை

‘இந்த வீடியோ ஓட இதை இறக்குங்கள்’ என்று இணையத்தில் எட்டிப்பார்க்கும் எதையும் தொடக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் ‘வீடியோ’வின் பெயர் ஏ.பி.கே. என்றோ இ.எக்ஸ்.இ. என்றோ முடிந்தால் அது வீடியோ அல்ல, புரோகிராம். அரசு உதவித்தொகை என்ற பெயரில் இப்படி அனுப்பி வங்கிப் பணத்தைச் சுருட்டுபவர்கள் உண்டு. விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும் என்பதால், ஃபோல்டர் ஆப்ஷனில் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுவது பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பில் முதலிலிருந்து முடிவு வரை ஓட்டிப் பார்க்கும் வரை மொபைலில் உள்ள வீடியோவை அழிக்கவே கூடாது. வீடியோவைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், தாக்கிய செடியின் படத்தோடு பாப்பாரப்பட்டியிலேயே உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்குப் போய், கேட்டுத் தெளிந்த பிறகு கரணை வெட்டலாம்.