கருவிப் பெட்டியும் கடல்வழியும்

தேருக்குக் கடலில் வேலையில்லை. கப்பலுக்குத் தரையில் வேலையில்லை. இடனறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் பெருமான் எடுத்துக்காட்டிய இவ்வுண்மை, அரசர்க்கும் படைக்கும் மாத்திரம் உரியதன்று. கடையிலே கருவிப் பெட்டியொன்றை விலைபேசி நிற்கும் தொழிலாளிக்கும் அது பொருந்தும். வழுவழுப்பான கடைத்தரையில் ஒரு விரலால் இழுத்தாலும் பின்தொடர்ந்து வரும் சில்லுப் பெட்டி, சாட்டிக் கடற்கரை மணலில் இறங்கியதும் பிடிவாதம் பிடித்த எருதுபோல் நின்றுவிடுகின்றது. பெட்டியிலே குற்றமில்லை; அது போகவேண்டிய இடத்தை எண்ணாது வாங்கியதே குற்றம்.

தீவகத்தில் இதனை எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை நாளுக்குநாள் பெருகி வருகின்றது. சாட்டியின் மணற்பரப்பு மழைநீரை உள்வாங்கி நன்னீராகத் தேக்கி வைத்திருக்கின்றது. நாற்புறமும் உவர்நீர் சூழ்ந்த தீவகத்துக்கு அந்நிலத்துக் கிணறுகள் பெருஞ்செல்வம். ஆயினும், கிணற்றிலே நீரிருந்தும் அதனை இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் குடம் நிறையாது. படகுகளிலே இயந்திரங்கள், கடைகளிலே குளிர்ப்பெட்டிகள், கூரைகளிலே சூரிய மின்தகடுகள் என்று பழுதுபார்க்க வேண்டிய பொருள்கள் பலவாகிவிட்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இயந்திரம் எங்கே செல்கின்றதோ, அதனைப் பேணும் கருவியும் அங்கே செல்லவே வேண்டும். நகரத்திலே ஒரு ஸ்பனர் குறைந்தால் அடுத்த தெருவிலே இரவல் வாங்கலாம்; நெடுந்தீவிலே குறைந்தால் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, பெட்டியைப் பார்க்குமுன் வழியைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து வேலணைக்கு வரும்வரை தார்வீதி. பெட்டி வாகனத்திலே சுகமாக வருகின்றது. சாட்டிக் கரையோரத்திலே வேலையெனில், இறங்கியதும் மணல். அப்பால் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால், பெட்டியைப் படகில் ஏற்ற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அங்கே மறுபடியும் இறக்க வேண்டும். பின்னர் முருகைக்கற்கள் துருத்தி நிற்கும் ஒழுங்கைகள். ஆக, சில்லு ஓடும் வழி பாதி. மனிதன் தூக்கும் வழி மீதி. இவ்விரண்டையும் ஒருங்கே நினைப்பவரே நல்ல பெட்டியைத் தெரிவார்.

முதலிலே சில்லு. மாணவ நேயர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 2.5 சென்றிமீற்றர் உயரமான கல்லொன்று குறுக்கே கிடக்கின்றது என்று கொள்வோம். 10 சென்றிமீற்றர் விட்டமுள்ள சில்லு அதன்மேல் ஏறவேண்டுமாயின், அச்சின் மட்டத்திலே கிடையாக இழுக்கும் விசை, அச்சில்லு தாங்கும் பாரத்தைப்போல் ஏறக்குறைய 1.73 மடங்காக இருத்தல் வேண்டும். விட்டம் 20 சென்றிமீற்றராயின் 0.88 மடங்கே போதும். விட்டம் இரட்டித்தது, உழைப்பு பாதியாயிற்று. கல்லின் விளிம்பைச் சுழலும் இடமாகக் கொண்டு, திருப்புதிறன் பாடத்தைப் படித்தவர்கள் இதனைத் தாமே நிறுவலாம். பெட்டியின் அடியிலே பொத்தான்போல் ஒட்டியிருக்கும் சிறு சில்லுகள் அழகுக்கு ஆகும், ஒழுங்கைக்கு ஆகா.

மணலிலே விட்டம் மாத்திரம் போதாது, அகலமும் வேண்டும். ஒடுங்கிய கடினச் சில்லு கத்திபோல் மணலைக் கிழித்துப் புதையும்; அகன்றது பாரத்தைப் பரப்பி மேலே மிதந்து செல்லும். காற்றடைத்த ரயர் மணலுக்கு மிக உகந்தது. எனினும் முள்ளும் உடைந்த சிப்பியும் அதற்குப் பகை. இரண்டு வழியிலும் செல்ல வேண்டியவர்க்குக் கனத்த இறப்பரால் ஆகிய அகன்ற சில்லே நடுவழி. மணல் நெடுந்தூரமாயின், இரண்டு பலகைகளை மாறிமாறி முன்னே இட்டு அவற்றின்மேல் உருட்டிச் செல்வது, எந்தச் சில்லையும்விடச் சிறந்த உபாயம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். பெட்டியைக் கவிழ்த்து அதன் அச்சைப் பாருங்கள். ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை ஊடுருவிச் செல்லும் உருக்குத் தண்டாயின் நன்று. இருபுறமும் பிளாஸ்ரிக்கிலே செருகிய குட்டை முளைகளாயின், பாரமேற்றி ஒரு கல்லிலே மோதும் நாளில் அவை கழன்றுவிடும். பெட்டியின்மேல் அச்சிட்ட நிறையளவு பெரும்பாலும் சமதரையை எண்ணிச் சொல்வது; கரடுமுரடான வழிக்கு அதிலே பாதியை எல்லையாகக் கொள்வது விவேகம். மயிலிறகேயாயினும் மிகுத்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தவரும் வள்ளுவரே.

இனி, அடுக்கும் முறை. பெட்டியைச் சாய்த்து இழுக்கும்போது அது ஒரு நெம்புகோலாகின்றது. அச்சிலிருந்து கைபிடி 1 மீற்றர் தூரத்தில் இருக்க, உள்ளேயுள்ள 50 கிலோகிராம் பாரத்தின் மையம் அதே நேர்கோட்டில் 40 சென்றிமீற்றரில் அமைந்தால், கை தாங்குவது 20 கிலோகிராம். கனத்தவற்றை அடியிலே அடுக்கி அம்மையத்தை 20 சென்றிமீற்றருக்கு இறக்கினால், கை தாங்குவது 10 கிலோகிராம் மாத்திரமே. ஆதலின் குழாய்க் குறடு, சங்கிலிக் கப்பி, சுத்தியல் ஆகியவை சில்லுக்கு அண்மையிலும், அளவுகருவிகளும் மின்கருவிகளும் மேலேயும் இருக்க வேண்டும். ஒரு சதமும் செலவின்றிக் கிடைக்கும் இலாபம் இது. நீளும் கைபிடியை முழுதும் இழுத்து அசைத்துப் பார்ப்பதும் அவசியம். ஆட்டம் கண்ட கைபிடி முதலில் முறியும்.

வழியின் மற்றைப் பாதிக்கு வருவோம். இறங்குதுறையிலே சில்லு ஓய்வெடுக்கின்றது. முதுகெலும்பு வேலை செய்கின்றது. பிரித்தானியாவின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்பு நிருவாகம் தரும் வழிகாட்டி, இடுப்பு மட்டத்தில் உடலோடு அணைத்துத் தூக்கும் பாரத்துக்கு ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 16 கிலோகிராம் என அளவு காட்டுகின்றது. கையை நீட்டித் தூக்கும்போதும் நிலத்திலிருந்து எடுக்கும்போதும் அவ்வளவு இன்னும் குறையும். அலையிலே ஆடும் படகுக்கு, குனிந்து, கைநீட்டி 50 கிலோகிராம் பெட்டியைக் கொடுப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! இதனாலேதான், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொளுவி இழுக்கவும், வேண்டியபோது கழற்றித் தனித்தனியே தூக்கவும் இயலும் அடுக்குப் பெட்டிகளை நாம் பெரிதும் விரும்புகின்றோம். அடியிலுள்ளதற்கு மாத்திரம் சில்லு இருந்தால் போதும். ஒற்றைப் பெரும்பெட்டியே வேண்டுமாயின், இருவர் பிடிக்கத்தக்க கைபிடிகள் இருபுறமும் இருத்தல் இன்றியமையாதது. வெறும் பெட்டியின் நிறையையும் கேட்டறிய வேண்டும். அதுவும் தூக்குபவர் சுமக்கும் பாரமே.

கடற்காற்று மற்றொரு பகைவன். இரும்புத் தகட்டுப் பெட்டி அடிபட்டால் நெளியுமேயன்றி உடையாது. ஆனால் சாயம் உரிந்த இடத்திலே உப்பு கறளை விதைத்துவிடும். தடித்த பிளாஸ்ரிக் பெட்டிக்குக் கறள் இல்லை. எனினும் அதனை ஆண்டுக்கணக்கில் வெயிலிலே கிடத்தினால் நொறுங்கத் தொடங்கும். எதை வாங்கினும் பிணைச்சலும் கொளுக்கியும் அச்சும் கறள் பிடியாத உருக்கினால் ஆனவையா என்று பார்க்க வேண்டும். அவ்வுருக்கிலும் மொலிப்டினம் கலந்த 316 என்னும் வகை, வழக்கமான 304ஐவிடக் கடலுப்பைத் தாங்க வல்லது.

மூடியிலே இறப்பர் விளிம்புள்ள பெட்டிகளுக்கு ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று குறியிடுவதுண்டு. முதலாவது, தூசு புகாது, பீச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்பதாம். இரண்டாவது, ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் அமிழ்ந்தாலும் தீங்கான அளவுக்கு நீர் புகாது என்பதாம். இதிலே தீவகத்தார்க்கு ஒரு தனிநன்மையும் உண்டு. 60, 40, 40 சென்றிமீற்றர் வெளியளவுள்ள பெட்டியின் கனவளவு 96 லீற்றர். அது முழுதும் அமிழ்ந்தால் ஒதுக்கும் கடல்நீர் ஏறக்குறைய 98 கிலோகிராம். எனவே, நன்றாக மூடிய பெட்டி 40 கிலோகிராம் நிறையோடு தவறிக் கடலில் விழுந்தாலும் மிதக்கும்; கயிறு கட்டியிருந்தால் மீட்கலாம். ஆனால் நீரை உள்ளே விடாத மூடி, உள்ளேயுள்ள ஈரத்தை வெளியேயும் விடாது. ஈரக்கருவியைத் துடையாது பூட்டிவைத்தால், பூட்டிய பெட்டியே கறளுக்கு வளர்ப்புத்தாய் ஆகிவிடும். எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு துடைப்பு, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று ஆகிய இவ்விரண்டும் போதும்.

வாங்கப் போகும்போது உங்கள் கருவிகளையே கொண்டுசென்று பெட்டியிலே நிரப்புங்கள். கடைவாசற் படியிலே ஏற்றி இறக்குங்கள், வீதியோர மண்ணிலே இழுங்கள், இருவராகத் தூக்குங்கள். மாற்றுச் சில்லு தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சற்றே கோணினும் பரவாயில்லை.

தொழில் பழகி வெளிக்கிடும் பிள்ளைக்குப் பெற்றோர் மனமுவந்து நல்ல கருவிகளை வாங்கிக் கொடுக்கின்றனர். அவற்றைச் சுமக்கும் பெட்டியை மாத்திரம் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவிடுகின்றனர். இருபது வயதிலே முதுகு முறையிடுவதில்லை. அது கணக்கு வைத்துக்கொண்டு நாற்பதிலே கேட்கும். தேய்ந்த சில்லுக்கு மாற்றுச் சில்லு கடையிலே உண்டு. முதுகெலும்புக்கு அவ்வாறு இல்லையன்றோ?