பாலர் வகுப்பிற்குச் சங்க அங்கத்துவம் தேவையா?

ஸ்கீவ நகரில் வார இறுதிகளில் நாம் நடத்தும் தமிழ் வகுப்புகளுள் மிகச் சிறியது பாலர் வகுப்பு. அதனைப் பாலர் கல்வித்துறை சார்ந்த சங்கம் ஒன்றில் அங்கத்துவமாகச் சேர்க்க வேண்டுமா என்னும் கேள்வி அண்மைக்காலமாகப் பெற்றோரிடையே எழுந்துள்ளது. சேர்ந்தால் எமது வகுப்பின் மதிப்பு உயரும் என்பார் ஒரு சாரார். சந்தாப் பணத்திற்குப் பிள்ளைகளுக்கு நாலு படப்புத்தகங்கள் வாங்கலாம் என்பார் மறு சாரார். இரு சாராரும் பிள்ளைகளின் நலன் கருதியே பேசுகின்றனர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆண்டுவிழா மலர் வாழ்த்துரைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே எமது கருத்தையும் இங்கு வெளிப்படையாகக் கூறிவிட விரும்புகின்றோம்.

முதலில் எமது நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். டென்மார்க்கில் முன்னர் கொம்யூன்கள் எமது பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமையைக் கொண்டிருந்தன. 2002ஆம் ஆண்டுச் சட்டமாற்றத்துடன் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றினதும் பரோத் தீவுகள், கிறீன்லாந்து ஆகியவற்றினதும் மொழிகளுக்கு மட்டுமே அக்கடமை எஞ்சியது. தமிழுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. அன்று தொடக்கம் தமிழ் கற்பிக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோரின் தோளில் விழுந்தது. கற்பிப்பவர்கள் வேதனம் பெறாத தொண்டர்கள். கிழமை முழுவதும் வேலைத்தலத்தில் நின்று களைத்தவர்கள். பிள்ளைகளோ கிழமையில் ஐந்து நாட்கள் டெனிஷ் குழந்தைகள் தோட்டமாகிய ‘பேர்ணஹேவ’யில் பயிற்சி பெற்ற ‘பெடகோ’க்களின் பராமரிப்பில் வளர்கின்றனர். ஆறாம் நாள் எம்மிடம் வருகின்றனர். நாலு வயதுப் பிள்ளை இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அங்கே மணல், மரம், பாட்டு, மழையில் நனையும் சுதந்திரம். இங்கே கதிரையும் கொப்பியுமாயின், தமிழ் என்பது அசையாமல் இருக்கவேண்டிய மொழி என்று அப்பிள்ளை முடிவு செய்துவிடும். பத்து வயதில் தமிழ் வகுப்பிற்கு வரமறுக்கும் பிள்ளையின் மறுப்பு நாலு வயதிலேயே தொடங்கிவிடுகின்றது என்பது எமது அபிப்பிராயம். சங்கம் பற்றிய கேள்வி வெறும் சந்தாக் கணக்கன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

‘சங்கம்’ என்னும் ஒரே சொல்லால் நாம் பல வேறுபட்ட அமைப்புகளைக் குறிப்பிடுகின்றோம். குழப்பத்தில் பாதி இதனால் வருவது. டென்மார்க்கில் பயிற்சி பெற்ற பெடகோக்களின் சங்கம் பி.யு.பி.எல். ஆகும். அது தொழிற்சங்கம்; தனிமனிதரே அதில் அங்கத்தவராவர், பாடசாலைகள் அல்ல. பேர்ணஹேவகளில் உதவியாளராகப் பணியாற்றுவோருக்குரிய சங்கம் எவ்.ஓ.ஏ. எமது தாய்மார் சிலருக்கு இப்பெயர் சம்பளச் சீட்டின் வழியாகப் பழக்கமானது. சுயாதீனமாக இயங்கும் பராமரிப்பு நிலையங்களை ஒன்றிணைக்கும் அமைப்புகளும் உள்ளன. அவை நிரந்தரக் கட்டிடமும் சம்பளம் பெறும் ஊழியரும் உள்ள நிலையங்களுக்கானவை. வாரம் ஒருமுறை கூடும் எமது பாலர் வகுப்பு இவற்றுள் எதிலும் அப்படியே பொருந்தாது. எமக்குப் பொருந்துவது மக்கள் கல்விச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொண்டர் கழகங்களின் ஒன்றியங்களும், தமிழ்ப் பாடசாலைகளைத் தமக்குள் இணைக்கும் அமைப்புகளுமே.

இந்த நாடு சங்கங்களின் நாடு. மூன்று டெனிஷ்காரர் சந்தித்தால் ஒரு சங்கம் பிறக்கும் என்று அவர்களே தம்மைக் கேலி செய்வதுண்டு. (எம்மவரில் மூவர் சந்தித்தால் இரண்டு பிறந்துவிடும் என்பதை இங்கு நாம் விரித்துரைக்கப் போவதில்லை.) பாலர் கல்வி வரலாற்றில் டென்மார்க்குக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. எமது மாணவர்கள் அதனை அறிந்திருத்தல் நன்று. 1929ஆம் ஆண்டு ஹெல்சிங்கோர் நகரில் மரியா மொன்ரிசோரி அம்மையாரின் முறையைப் பின்பற்றுவோரின் முதலாவது சர்வதேச மாநாடு நடைபெற்றது. அவ்வாண்டிலேயே அனைத்துலக மொன்ரிசோரிச் சங்கம் நிறுவப்பட்டது. தமது பெயரால் எவரும் எதையும் நடத்தலாம் என்ற நிலை வந்துவிடலாகாது, ஆசிரியர் பயிற்சி ஒரு சீராக அமைய வேண்டும் என்பது அம்மையாரின் நோக்கம். பத்து ஆண்டுகளின் பின்னர், 1939இல், அவர் பிரமஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதனால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். 1944இல் இலங்கையிலும் ஒரு பயிற்சி நெறியை நடத்தினார்.

அதன் பின் நடந்ததும் படிப்பினைக்குரியது. இலங்கையில் இன்று ‘மொன்ரிசோரி’ என்பது எந்தப் பாலர் பாடசாலைக்கும் வழங்கும் பொதுப்பெயராகிவிட்டது. அம்மையாரின் மரத்துண்டுகளையும் மணிகளையும் கண்ணாலும் கண்டிராத இடத்திலும் அப்பெயர்ப்பலகை தொங்கும். சங்கம் இருக்கத்தான் செய்தது. அதன் முறை தெரிந்த ஆசிரியர் அந்த அறைக்குள் இல்லை. பெயர்ப்பலகை பிள்ளைக்கு எதனையும் கற்பிப்பதில்லை.

அமெரிக்காவிலே இளங்குழந்தைகளின் கல்விக்கான தேசிய சங்கம் இந்த வேறுபாட்டை நன்கு வகுத்துள்ளது. சந்தா செலுத்தி அங்கத்தவராவது ஒன்று. 1985 முதல் அச்சங்கம் வழங்கிவரும் தரச்சான்று வேறொன்று. தரச்சான்று பெற விரும்பும் நிலையம் தன்னைத் தானே ஆராய்ந்து குறிப்பு எழுதவேண்டும். வெளியாட்கள் வந்து வகுப்பறையைப் பார்வையிடுவர். குறிப்பிட்ட காலத்தின் பின் மீண்டும் அதே சோதனை. பணம் கட்டியவுடன் கிடைப்பது சஞ்சிகையும் கடிதத்தலைப்பும் மாத்திரமே. ‘மதிப்பு உயரும்’ என்று கூறும் பெற்றோர் இவ்விரண்டில் எதனைக் கருதுகின்றனர் என்பதைத் தமக்குள் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும்.

அப்படியாயின் அங்கத்துவத்தால் பயனே இல்லையா? உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் டென்மார்க்கில், பதினைந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுடன் தொடர்ந்து பழகும் பணிக்கு ஒருவரை அமர்த்தும்போது, அவர் தொண்டராயினும், ‘பேர்ணஅத்தெஸ்ட்’ எனப்படும் சான்றினைப் பொலிசாரிடம் பெறவேண்டும் என்பது சட்டம். அக்கா என்றும் மாமா என்றும் உறவு கொண்டாடும் சிறு சமூகத்தில் இதனைக் கேட்பதற்கே கூச்சம் ஏற்படும். வெளியிலுள்ள ஒன்றியம் ஒன்று தனது அங்கத்துவக் கழகங்கள் அனைத்திற்கும் இதே விதியை எழுத்தில் நினைவூட்டும்போது, எமது நிர்வாகக்குழு எவர் முகத்தையும் நோகடியாமல் தன் கடமையைச் செய்யலாம். காப்புறுதி, கழக யாப்பின் திருத்தம், இளையோர் செயற்பாடுகளுக்குக் கொம்யூன் வழங்கும் உதவித்தொகை, பாடசாலைக் கட்டிடத்தில் இடம் பெறுதல் ஆகியவற்றிலும் இவ்வாறே. ஒவ்வொரு புதிய செயலாளரும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருப்பதில் எத்தனை மாலைப்பொழுதுகள் வீணாகின்றன என்பதை அப்பதவியில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. அது ஒரு நிலையத்தால் தனித்து அடைய முடியாதது. 2019இல் இந்நாட்டுப் பெற்றோர் ‘வளர்ந்தவர் ஒருவர் எங்கே?’ என்னும் கேள்வியைப் பதாகையில் எழுதிப் பல நகரங்களில் வீதியில் இறங்கினர். பேர்ணஹேவகளிலும் தொட்டில் நிலையங்களிலும் பிள்ளைகளுக்குப் போதிய பெரியவர்கள் இல்லை என்பதே முறைப்பாடு. பெடகோக்களின் சங்கமும் நெடுங்காலமாக அதனையே கூறிவந்தது. பெற்றோரும் தொழில்சார் சங்கமும் ஒரே குரலில் பேசியதன் பின்னர் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2024ஆம் ஆண்டு தொடக்கம், கொம்யூனின் சராசரியாக, மூன்று வயதிற்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரும் அதற்கு மேற்பட்ட பாலர் அறுவருக்கு ஒரு பெரியவரும் இருத்தல் வேண்டும். சராசரி என்பதால் ஒவ்வொரு அறையிலும் இக்கணக்கு நிறைவேறும் என்று கொள்ளமுடியாது. எனினும் ஸ்கீவயிலுள்ள ஒரு பேர்ணஹேவயின் பெற்றோர் மட்டும் கடிதம் எழுதியிருப்பின் இது நடந்திருக்குமா? அதன் பயனை எமது பிள்ளைகளும் பெறுகின்றனர். அந்த ஊர்வலங்களில் எம்மவர் எத்தனை பேர் நின்றோம் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இனி மறுதரப்பாரின் நியாயத்திற்கு வருவோம். பணம் பற்றிய ஆட்சேபத்தை நாம் பெரிதாகக் கருதவில்லை. விழா இராப்போசனத்தில் ஒரு கறியைக் குறைத்தால் சந்தாவிற்கு வழி பிறக்கும். மொழி பற்றியது சற்றுப் பாரமானது. ஒன்றியங்களின் கூட்டங்களும் ஏடுகளும் டெனிஷ் மொழியில் உள்ளன. எமது மூத்த ஆசிரியைகளுக்கு அது சுமை. இந்தியாவில் 1926இல் கிஜுபாய் பதேக்காவும் தாராபாய் மோடக்கும் பாலர் கல்விக்கென ஒரு சங்கம் அமைத்தபோது, பெற்றோரும் ஆசிரியரும் தாய்மொழியில் வாசிக்கக்கூடிய எழுத்துகளை வெளியிடுவதையும் அதன் வேலையாகக் கொண்டனர். ஏடு மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்குமாயின் அங்கத்துவம் அஞ்சல்காரருக்கு மட்டுமே பயன்தரும்.

எமக்கு உண்மையான அச்சம் தருவது மூன்றாவது ஆட்சேபம். அதனைச் சபையில் எவரும் உரத்துச் சொல்வதில்லை. தமிழ்ப் பாடசாலைகளை இணைக்கும் அமைப்புகள் பொதுப் பாடநூலும் பொதுத் தேர்வும் தருகின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஊருக்கு ஊர் வேறு நூல் என்றிருந்தால் இடம்பெயரும் பிள்ளை திண்டாடும். ஆனால் தேர்வு என்பது மேலிருந்து கீழே இறங்கும் இயல்புடையது. முதலாம் ஆண்டில் தேர்வு என்றால் அதற்கு ஆயத்தம் செய்ய பாலர் வகுப்பில் எழுத்துப் பயிற்சி, அதற்கு ஒரு பரிசு, அப்பரிசிற்கு ஒரு மேடை என்று அது வளரும். ஐந்து வயதில் மூன்றாமிடம் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். டெனிஷ் பாலர் கல்வி விளையாட்டையும் பாட்டையும் பேச்சையும் முதன்மைப்படுத்துவது சோம்பலினால் அன்று. அது பலகாலச் சிந்தனையின் விளைவு. நாம் எந்த ஒன்றியத்தில் சேர்ந்தாலும், பாலர் வகுப்பில் தேர்வோ தரவரிசையோ இராது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப்பெற வேண்டும். தர மறுத்தால் பாலர் வகுப்பை அதில் சேர்க்காது விடலாம்.

ஆகவே எமது நிலைப்பாடு இதுதான். சேரலாம், ஆனால் பாடசாலையின் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றுவதற்காக அன்று, பாலர் ஆசிரியை ஒருவரை வெளியே அனுப்புவதற்காகச் சேரவேண்டும். தொண்டர் கழக ஒன்றியம் ஒன்றில் அங்கத்துவம் பெறுவோம். சந்தாவுடன் கூடவே, ஆண்டில் ஒரு பயிற்சிக்கு ஆசிரியை ஒருவரின் பயணச் செலவையும் கட்டணத்தையும் ஒதுக்குவோம். அவர் திரும்பி வந்து ஏனைய ஆசிரியைகளுக்குத் தமிழில் எடுத்துரைக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோம். பயணச் செலவிற்கு இடமில்லையெனில் சந்தாவும் வேண்டியதில்லை.

இன்னொன்று, இதற்கு எவரின் அனுமதியும் தேவையில்லை. விபோர், ஹொல்ஸ்ரப்ரோ, ஹேர்னிங் ஆகிய நகரங்கள் எமக்கு ஒரு மணித்தியாலப் பயணத்திற்குட்பட்டவை. அயல் நகரங்களில் தமிழ்ப் பாலருக்குக் கற்பிப்போர் ஆண்டில் இருமுறை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்தப் பாட்டிற்குப் பிள்ளைகள் எழுந்து ஆடினர், எந்தக் கதையில் கொட்டாவி விட்டனர் என்று பேசிக்கொண்டாலே அது ஒரு தொழில்சார் சங்கம். சந்தா ஒரு குடுவை தேநீர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை செல்லும் கொம்யூன் பேர்ணஹேவயில் பெற்றோர் சபை உண்டு. அதில் பெற்றோரால் தெரிவுசெய்யப்பட்டவர்களே பெரும்பான்மையினர் என்பது சட்டம். மொழி போதாது என்று எம்மவர் பின்வாங்குகின்றனர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை அங்குள்ளோர் எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அச்சபையில் நீங்கள் கூறாவிடின் வேறு யார் கூறுவர்?

மேல்வகுப்பு மாணவச் செல்வங்களே, பாலர் வகுப்பில் உதவிக்கு நிற்கும் உங்களுள் ஓரிருவருக்கேனும் சிறுபிள்ளைகளுடன் பழகுவது இயல்பாக வருகின்றது என்பதைக் கண்டுவருகின்றோம். பெடகோ பயிற்சி மூன்றரை ஆண்டுகள்; ஹொல்ஸ்ரப்ரோவிலேயே அதனைக் கற்கலாம். மருத்துவம், பொறியியல் என்று மட்டும் கனவு காணும் எமது சமூகத்தில் இதனைச் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும். அவ்வாறு கற்ற பழைய மாணவர் ஒருவர் மீண்டும் இவ்வகுப்பறைக்கு வருவாராயின், நாம் கடிதம் எழுதித் தேடும் அங்கத்துவம் அவருடன் கூடவே வந்துசேரும்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இவ்விடயம் வாக்கெடுப்பிற்கு வரும்போது, தீர்மானத்தில் ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இரண்டு ஆண்டுகளின் பின் நிர்வாகக்குழு சபைக்கு அறிக்கை தரவேண்டும்: எத்தனை பயிற்சிகளுக்கு யார் சென்றனர், வகுப்பறையில் என்ன மாறியது என்று. அவ்வறிக்கையில் எழுத ஒன்றுமில்லையெனில் மூன்றாம் ஆண்டுச் சந்தாவைச் செலுத்தாது, அப்பணத்தில் படப்புத்தகங்களையே வாங்குவோம்.