வெள்ளாற்றுக் கல்லும் சிற்றுயிரும்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டின்மீது வெள்ளாறு வழிந்தோடும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில், "இத்தனை நீரும் வீணே கடலிற் கலக்கின்றதே!" என்று கரையில் நிற்போர் இரங்குவதை யாம் பன்முறை கேட்டதுண்டு. வயலை நம்பி வாழ்வோர்தம் இரக்கத்தை யாம் இகழேம். ஆயினும், 'வீண்' என்னும் அச்சொல்லுக்கு உடன்பட எம்மால் இயலவில்லை.

ஓடும் நீரையே வீடாகக் கொண்ட பூச்சிகள் பல. ஒருவகைப் புழு, கல்லிடுக்கிலே நுண்ணிய பட்டு நூலால் வலை பின்னி, ஓட்டம் கொணரும் உணவை இருந்தவிடத்தே பற்றும். ஓட்டம் நின்றதோ, வலையிருந்தும் பட்டினியே. மற்றொருவகை, இதழ் போன்ற செவுள்களால் நீரிற் கலந்த பிராணவாயுவை நுகரும். பல திங்கள் நீரடியில் வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழ்ந்து, உண்ணாமலே மடியும். சூடேறச் சூடேற நீரிலுள்ள அவ்வாயு குறையும். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கொள்ளும் நீர், 30 பாகையில் 7.5 அளவே கொள்ளும். கல்லில் மோதி நுரைத்தோடும் நீரோ அதனை மீண்டும் காற்றினின்று பெற்றுக்கொள்ளும். தேங்கிய குட்டைக்கு அவ்வாய்ப்பு அரிது. ஆங்கே, மேற்பரப்பிற் குழல் நீட்டி மூச்சுவிடும் கொசுப்புழு இனிது வாழும். (தட்டானின் இளவுயிரும் அங்கே வளர்ந்து கொசுப்புழுவை உண்ணும் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.)

வெள்ளாறு வற்றாத ஆறன்று; அஃது எமக்குத் தெரியும். சிறுகச் சிறுக வற்றும் ஆற்றிலே இவ்வுயிர்கள் முட்டையிட்டோ, ஈரமணலிற் புதைந்தோ, சிறகு பெற்றுப் பறந்தோ பிழைக்கும். தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என வரிசையாய் நிற்கும் தடைகளில், மதகை ஓரிரவில் அடைத்தால் அவை என் செய்யும்? விடியலிற் கல் உலர்ந்து கிடக்கும். அவற்றை உண்ணும் கெண்டைக்கும் கொக்குக்கும் அன்று முதல் பஞ்சமே.

அணையை இடிக்கவா சொல்கின்றோம்? இல்லை. மதகைச் சில நாட்களிற் படிப்படியாய் அடைக்கட்டும். ஒரு கால்வாயளவு நீரேனும் கீழே ஓட விடட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

கழிமுகத்தை ஆராய்வதற்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரின் கடல்வாழுயிர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அணையடிக் கல்லைப் புரட்ட நம் கைகளே போதும். வருகின்ற கார்த்திகையில் விலங்கியல் மாணவத் தோழர் ஒரு கைக்கண்ணாடியோடு எம்முடன் வருவாராயின், கரையோரத்துப் பத்துக் கற்களின் அடியிலுள்ளவற்றை எண்ணிக் குறித்து வைப்போம். மதகடைத்தபின், தைத்திங்களில் அதே கற்களை மீண்டும் புரட்டுவோம்.